முதல் கத்தி

விஜயதசமி அன்று காலை பத்து மணிக்குச் சௌடப்பன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: சௌடப்பன், அவன் பெண்டாட்டி லிங்கம்மாள், பதினைந்து வயது மகள் சௌடேஸ்வரி, அண்ணன் அப்பய்யா, மல்லாங்கிணற்றிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்த யூனியன்காரர் சண்முகவேல். அவர் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். எதிர்த்த காப்பிக் கடை பெஞ்சில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் ஜின்னிங் பாக்டரி டைம்கீப்பர் மொக்கையன். இன்னொருவன் கழுத்தில் கேமராவோடு விருதுநகரிலிருந்து வந்த ஸ்டுடியோக்காரன். இவர்கள் இரண்டு பேரையும் யாரும் கூப்பிடவில்லை.

சாமி இன்னும் வந்து சேரவில்லை. ஊருணிப் பக்கம் உருமி கேட்டது.

அருப்புக்கோட்டையில் அது ஒரு நெசவாளர் தெரு. மற்ற நாளில் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துப் பாவு கட்டி, ஆணும் பெண்ணும் கஞ்சி தோய்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குப் பாவுக்கட்டைகளையெல்லாம் பிடுங்கி ஓரத்தில் சாத்தி, வாசல் வாசலாக மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தெற்கே திருச்சுழிப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. நாலு நாளாக அப்படித்தான் கிடக்கிறது, சொட்டு விழவில்லை. புழுக்கத்தில் சுவரே வேர்த்தது.

சௌடேஸ்வரியம்மன் சக்திக் கலசம் ஊருணியிலிருந்து புறப்பட்டு இந்தத் தெருமுக்குக்கு வந்ததும் நின்றுவிடும். தூக்கி வருகிறவன் காலை எடுத்துவைக்க நினைத்தாலும் வராது. "தீசுக்கோ தாயே" என்று, ஏற்றுக்கொள் தாயே என்று, ஆண்கள் வெற்று மார்பில் கத்தி போட வேண்டும். ரத்தம் பார்த்த பிறகுதான் ஆத்தா நகருவாள். அந்த முதல் கத்தி சௌடப்பன் வீட்டுடையது. நாலு தலைமுறை உரிமை. முறைப்படி மூத்தவன் அப்பய்யாதான் போட வேண்டும். அவருக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம். போடப் போன முதல் வருஷமே, கத்தி மார்பில் படும் முன்னால், பக்கத்து ஆள் ரத்தத்தைப் பார்த்துச் சாய்ந்துவிட்டார். தெருவே சிரித்தது. பதினாறு வயதுத் தம்பி கத்தியை எடுத்தான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவன்தான்.

இந்த வருஷம் சித்திரையில் அவன் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

தறியில் பிழைப்பு நடக்காமல் பாக்டரிக்குப் போனவன் அவன். அங்கே ஒரே நீள இரும்புத் தண்டில் பருத்திக் கொட்டை பிரிக்கிற ஜின் மெஷின் பன்னிரண்டு ஓடும். பருத்தி சிக்கிக்கொண்டால் குச்சியால் பெல்ட்டைத் தள்ளிவிட்டு, மெஷின் நின்ற பிறகு எடுக்க வேண்டும். அப்படித்தான் சுவரில் எழுதிப் போட்டிருந்தது. பெல்ட்டைத் தள்ளினால் மறுபடி மாட்ட கால் மணி நேரம் ஆகும், மேஸ்திரி தாயைத் திட்டுவான். ஆகையால் எல்லோரும் ஓடுகிற மெஷினில்தான் கையை விட்டு எடுப்பார்கள். பத்தாம் நம்பர் மெஷினில் ரோலர் அவன் வலது விரலைக் கவ்வியது. அதைப் பிடுங்க இடது கையைக் கொடுத்தான். அடிக்கிற தகடு அதில் மூன்று விரலை நசுக்கியது. பெல்ட்டைத் தள்ளிவிட ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம்.

வருகிற திங்கட்கிழமை மதுரையில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுக் கமிஷனர் முன்னால் கேஸ்.

"ரெண்டு கையும் ஒதவாதுன்னு ஆனாத்தான் முழு ஊனம்" என்றார் சண்முகவேல். இதை அவர் அந்த வீட்டில் இருபதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு கை போச்சு, ஒரு கைக்கு உசிரு இருக்குன்னா பகுதி ஊனம். கம்பெனி டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்காரு. எடது கையில பிடிமானம் இருக்காம். நம்ம டாக்டர் இல்லைங்காரு. ரெண்டு சீட்டும் மேசையில கெடக்கும். கமிஷனர் எதை நம்புவாரு? அந்த நேரத்துல ஒரு போட்டோ போய் விழுந்துச்சுன்னு வையி, சௌடப்பண்ணன் கத்தியத் தூக்கி நெஞ்சுல போடுற மாதிரி…"

"அதுக்குத்தான் அந்த மொக்கையன் வந்து குந்தியிருக்கான்" என்றாள் லிங்கம்மாள். "மூணாவது காப்பி குடிக்கான். பேதி போக."

"அவனத் திட்டாத. அவனும் சம்பளத்துக்கு வந்தவன்தான்" என்றான் சௌடப்பன்.

"நீங்க மட்டும் சம்பளத்துக்குப் போகாம சாமி கும்பிடவா போனீக?"

வீட்டுக்குள் அவர்கள் கன்னடம்தான் பேசுவார்கள். சண்முகவேல் இருந்ததால் சண்டை தமிழில் நடந்தது. சூடு ஏறினால் கன்னடத்துக்குத் தாவி, அவர் முழிப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள்.

அப்பய்யா தொண்டையைக் கனைத்தார். காலையிலிருந்து அவர் ஒரு யோசனையை அடைகாத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். யாரும் கோவப்படக் கூடாது. கத்திய அவன் வலது மொண்டிக் கையில வச்சு நூலால சுத்திக் கட்டிருவோம். அறுபதாம் நம்பரு நூலு, நாலு இழை முறுக்கி. கட்டிப் போட்டா கை பிடிச்சதா ஆகாதுல்ல? கையே இல்லாத பக்கம்தான கத்தி இருக்கு? சட்டம் என்ன சொல்லும்?"

சண்முகவேல் விசிறுவதை நிறுத்தினார். உண்மையிலேயே யோசித்தார்.

"போட்டோவுல நூலு தெரியுமா பெரியப்பா?" என்றாள் சௌடேஸ்வரி.

"செவப்பு நூலு போட்டுக் கட்டுவோம்."

"போட்டோ கறுப்பு வெள்ளைல்ல."

சண்முகவேல் சத்தமாகச் சிரித்துவிட்டார். சௌடப்பனும் சிரித்தான். அப்பய்யா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "சிரிங்க. வேங்கடபதி வருவான்ல, அப்ப சிரிங்க. அவன் பத்து வருஷமாக் காத்துக் கெடக்கான்."

அது உண்மை. வேங்கடபதி பங்காளி. இவர்கள் கைவிட்டால் முதல் கத்தி அவர் வீட்டுக்குப் போகும். போனால் போனதுதான், இந்த வீட்டுக்குத் திரும்பாது. அதற்கென்று ஒரு முறை இருந்தது. கலசத்துக்கு முன்னால் உரிமைக்காரன் நின்று, ஊர் கேட்க, "எனக்கு ஏலாது" என்று மூன்று தடவை சொல்லி, தன் கையால் கத்தியைக் கொடுக்க வேண்டும். வேறு ஆள் கொடுத்தால் செல்லாது. கொடுக்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டால் ஆத்தா நகரமாட்டாள். வெயிலில் நின்றுகொண்டே இருப்பாள்.

"பாவா" என்றாள் லிங்கம்மாள். கணவனின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள். "நாலு தலைமொறை போட்டது போதும். நான் ராசபாளையம் பக்கம் போயி ரெண்டு பவர்லூம் பாத்து வச்சிருக்கேன். பழசுதான், ஓடுது. முழு ஊனம்னு ஆர்டர் வந்தா ரெண்டும் நம்ம வீட்டுல ஓடும். நானும் இவளும் பாத்துக்குவோம். பாதின்னு வந்தா ஒண்ணுக்கும் காணாது. அப்புறம் கம்பெனிக்காரன் சொல்லுத மாதிரித்தான். மாசி பொறந்து சீசன் ஆரம்பிச்சதும் இவ பாக்டரிக்குப் போகணும். எந்த மெஷினு தெரியும்ல? பத்தாம் நம்பரு. அப்பன் நின்ன எடத்த மகளுக்குக் குடுக்காகளாம். பெரிய மனசு."

"நான் போறேன்னுதான் சொல்லுதேன்" என்றாள் சௌடேஸ்வரி. "எனக்கு என்ன பயம்? மாரிக்கனி போறா, சந்தனம் போறா. சாயங்காலம் பூ வச்சுக்கிட்டு சேவு தின்னுக்கிட்டு வாராக. இந்த வீட்டுல தறிக்கு நூல்தார் சுத்தி சுத்தி எனக்கு மொகம் கோணிப் போச்சு."

"வாய மூடு."

"அப்பா, நீங்க போங்கப்பா. கட்டிக்கிட்டாவது போங்க. வேங்கடபதி பெரியப்பா மகன் ஊருபூராச் சொல்லிக்கிட்டுத் திரியான், இந்த வருசம் எங்க கத்தின்னு."

உருமிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சௌடப்பனின் தொடை தானாக ஆடியது. பிள்ளைப்பேறு நெருங்கிய பெண் மாதிரி மூச்சு மேலும் கீழும் வாங்கியது. கடைசியில் எழுந்தான்.

"எல்லாரும் பேசிட்டீகளா? இங்க பாருங்க."

விளக்குக்கு முன்னால் பட்டில் சுற்றியிருந்த கத்தியிடம் போனான். பல்லால் பட்டை இழுத்து அவிழ்த்தான். இடது கையின் ஆள்காட்டி விரலைக் கைப்பிடி வளையத்துக்குள் கொடுத்து, கட்டைவிரலை மேலே அழுத்தி, தூக்கினான்.

கத்தி எழுந்தது.

காற்றில் ஒரு வீச்சு, வெளியிலிருந்து உள்ளே. நெஞ்சுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தினான். மறுபடி ஒன்று. மறுபடி. தகடு விர்ரென்று பாடியது. இடது கை வீச்சில் கோணல் கொஞ்சம் இருந்தது. பிடி அசையவில்லை.

அப்பய்யா எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டார். "ஏலே! ஏலே! எப்படா?"

"ஆடியில இருந்து" என்றான் சௌடப்பன். அவன் முகம் அப்படி மலர்ந்து யாரும் ஆறு மாதமாகப் பார்த்ததில்லை. "இவ நூல் வாங்கப் போற நேரம் பாத்து. மொதல்ல நூல் சுத்துற தார்க்குச்சி. பெறகு தம்ளரு. தம்ளரு ஐம்பது தடவ விழுந்திருக்கும். பெறகு சீப்பு, அருவா. நசுங்குன வெரலு ஒண்ணு நடுவுல முட்டுக் குடுக்குது, அதுதான் சூட்சுமம். இப்ப பத்து நாளா இதைத் தூக்குறேன். வருதுண்ணே. கை வருது!"

சௌடேஸ்வரி குதித்தாள். லிங்கம்மாள் போய் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

சண்முகவேல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். "நான் ஒண்ணும் பாக்கலை" என்றார் சுவரிடம். "வந்ததுல இருந்து இந்தச் சொவத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கேட்டா அப்படித்தான் சொல்லுவேன். அண்ணே, கத்தியக் கீழ வையி, ஒன்னியக் கும்புடுதேன்."

"எனக்கு ஆவணியிலயே தெரியும்" என்றாள் லிங்கம்மாள்.

சௌடப்பன் திரும்பினான்.

"தம்ளரு அம்புட்டும் நெளிஞ்சு கெடந்துச்சு. தட்டுல வெரல் தடம். நான் இல்லாதப்ப நீங்களே பெசைஞ்சு தின்னுருக்கீக. தெரிஞ்சுதான் நான் வந்து வாசல்ல ஒக்கார வச்சு, தெருப் பாக்க, ஊட்டி விட்டேன். எதுக்கு? ஆசைக்கா?"

அவன் கத்தியை இறக்கினான். அவள் அதோடு நிறுத்தவில்லை.

"இவுக கை வருதுன்னு சந்தோசப்படுதாக. எனக்கு மட்டும் சந்தோசம் இல்லையா? ஆனா அந்தக் கையி தறியில ஒரு நாடா எறியுமா? ஒரு இழை முடிச்சுப் போடுமா? குழித்தறியில காலுதான மிதிக்குது, கை எதுக்குன்னு அவுக வக்கீல் அன்னைக்குக் கேட்டான். ஒக்காந்து நெய்து பாக்கச் சொல்லுங்க அவனை. தம்ளரும் சீப்பும் தூக்குற கை சோறு போடாது. ஆனா அது தூக்குதுன்னு ஒரு போட்டோ போனாப் போதும், இருக்குற கைக்குப் பணம் எதுக்குன்னு சொல்லிருவாக."

"அக்கா சொல்லுறது கமிஷனர் முன்னால நிக்கும்" என்றார் சண்முகவேல் சுவரிடம். "வேலைக்கு ஒதவாத கைன்னாலே முழு ஊனம்னுதான் நாங்க வாதாடுறோம். ஆனா அங்க போட்டோதான் பேசும். நாம பேசுறது கேக்காது."

வெளியே சத்தம் வெடித்தது. உருமி, மேளம், நூறு தொண்டை. கலசம் தெருமுக்குக்கு வந்து நின்றுவிட்டது. "தீசுக்கோ தாயே! தீசுக்கோ!" குரல் தெருவின் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. சௌடப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் நெஞ்சில் பழைய தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்று, எல்லாம் சிலிர்த்து நின்றன. வலது மொண்டி தானாக எழுந்து எழுந்து இறங்கியது, அதில் கத்தி இருப்பது போல.

வேங்கடபதி வாசலில் வந்து நின்றார். ஈர வேட்டி, உடம்பெல்லாம் மஞ்சள்.

"தம்பி, ஆத்தா வெயில்ல நிக்கா. கலசம் தூக்குறவனுக்குக் கால் நடுங்குது. வாரியா, இல்ல முறையச் செய்யுறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"அவசரமா பெரியப்பா?" என்றாள் சௌடேஸ்வரி. "மஞ்ச கூடப் பூசிக்கிட்டு வந்துட்டீக."

"பூசித்தான் வருவேன். பின்ன, ஆத்தாள வெயில்ல விட்டுட்டுக் கஞ்சி குடிக்கப் போகச் சொல்றியா?" அவர் கோபப்படவில்லை. சௌடப்பனைப் பார்த்துக் குரலை இறக்கினார். "டேய், எனக்கு ஆசைதான். இல்லைன்னு சொன்னாப் பொய். ஆனா ஒன் கை இருந்திருந்தா நான் இந்த வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்."

எதிரே ஸ்டுடியோக்காரன் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டான். மொக்கையன் அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டைப் பார்க்காமல் காப்பிக் கடைக் கூரையைப் பார்த்தான்.

"போங்கப்பா" என்றாள் மகள், காதருகே வந்து. அவளுக்கும் மூச்சு வாங்கியது. "பத்தாம் நம்பர்ல நான் நிக்கேன். நான் ஒன்னும் ஒங்கள மாதிரி கையக் குடுக்க மாட்டேன். சிக்குனா குச்சிய எடுத்து பெல்ட்டத் தள்ளிருவேன்."

சௌடப்பன் அவளைப் பார்த்தான்.

"மேஸ்திரி வைவானே?"

"வைஞ்சா வையட்டும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ சிக்கும் தெரியுமா?"

"எத்தனை?"

"நாப்பது. மழை ஈரம் பட்ட பருத்தின்னா அறுபது. மொத வாரம் நானும் தள்ளிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் கையில் தார் சுற்றின நூல் பஞ்சு ஒட்டியிருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டாள். பத்து விரல்.

சௌடப்பன் கத்தியைத் தரையில் வைத்தான். முழங்காலில் உட்கார்ந்து, இடது முன்கையையும் வலது மொண்டியையும் அடியில் கொடுத்து, விறகு தூக்குவது போல அள்ளி எடுத்தான். விரல் எதுவும் அதைத் தொடவில்லை. லிங்கம்மாள் கதவை அகலத் திறந்தாள். அவன் வெளியே போனான்.

கூட்டம் அவனைக் கண்டு கத்தியது. இருபத்திரண்டு வருஷம் பார்த்த கூட்டம், அவன் போடப்போகிறான் என்றே நினைத்தது. வழி விட்டது. "சௌடப்பா! சௌடப்பா!" யாரோ மஞ்சள் பொடியை அவன் நெஞ்சில் எறிந்தார்கள். கலசம் தூக்கியவன் கண் செருகி ஆடிக்கொண்டிருந்தான். சௌடப்பனுக்கு நாலே அடி தூரத்தில் ஆத்தா. இடது கை விரல் இரண்டும் தானாக மடங்கிக் கைப்பிடியை நோக்கிப் போயின. வளையத்தைத் தொட்டுவிட்டன. அவன் அவற்றை விரித்தான். மறுபடி மடங்கின. மறுபடி விரித்தான். கடனெழவே, சும்மா இருந்து தொலை என்று அந்தக் கையை மனசுக்குள் வைதான்.

"எனக்கு ஏலாது" என்றான்.

"கேக்கலை!" என்றது பின்வரிசை.

உருமி நின்றது.

"எனக்கு ஏலாது!"

அப்பய்யா வாசலில் நின்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். ஸ்டுடியோக்காரன் கேமராவைக் கண்ணில் வைத்தான், இறக்கினான், மொக்கையனைப் பார்த்தான்.

மூன்றாவது தடவை சௌடப்பன் போட்ட சத்தத்தில் கூரை மேல் இருந்த காக்கைகள் கிளம்பின. அது கலசத்துக்குச் சொன்னது போல இல்லை, மதுரை வரை கேட்கட்டும் என்று போட்டது போல இருந்தது. "எனக்கு ஏலாது!" வேங்கடபதி இரண்டு கையையும் நீட்டினார். சௌடப்பன் முன்கையைச் சரித்தான். கத்தி உருண்டு அவர் கையில் விழுந்தது.

"எடுடா போட்டோ!" என்று சண்முகவேல் தெருவுக்கே கேட்கக் கூவினார். "இப்ப எடு! காசு வாங்குனேல்ல? நல்லா எடுத்துக்கோ! மொண்டி தெரியணும், எடது கை தெரியணும், கத்தி விழுறது தெரியணும்! நீங்க கமிஷனர்கிட்டக் கொண்டு வரலைன்னா நாங்க கேட்டு வாங்குவோம், சாட்சி போட்டு!"

கேமரா சொடுக்கியது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டான். மொக்கையன் அவனைப் பெஞ்சிலிருந்து இழுத்து இறக்கினான். "யாரு ஒன்னிய இத எடுக்கச் சொன்னா, மூதேவி?" என்று அவன் கேட்டது இந்தப் பக்கம் வரை கேட்டது. அப்புறம் மொக்கையன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு சிரிப்புச் சிரித்தான்.

வேங்கடபதியின் கத்தி நெஞ்சில் விழுந்தது. ஒரு கோடு, சிவப்பாக. "தீசுக்கோ தாயே!" பத்துக் கத்தி எழுந்தது, இருபது எழுந்தது. கலசம் ஆடிற்று, அசைந்தது, ஓடவே தொடங்கியது. கூட்டம் பின்னால் பாய்ந்தது. அப்பய்யா ரத்தத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சண்முகவேல் அவர் முகத்தில் துண்டால் வீசினார்.

சௌடப்பன் திரும்பி வந்தான். படி ஏறும்போது கால் தடுக்கியது. முன்னறையில் நடுவாக நின்றான். நெஞ்சு மஞ்சளாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கண் இரண்டும் நெருப்பாக இருந்தன.

"மஞ்சத் தண்ணிக் கொடம் கொண்டு போகணும்ல நீயி?" என்றான் லிங்கம்மாளிடம்.

"போகணும். இவளையும் கூட்டிட்டுப் போறேன்."

"கோயிலு வரைக்கும் இன்னும் நாலு தெரு இருக்கு. ஒவ்வொரு முக்குலயும் ஆத்தா நிப்பா. ஒவ்வொரு முக்குலயும் அவுக போடுற சத்தம் இங்க கேக்கும்."

"கேக்கத்தான் செய்யும்."

"நான் சும்மா இருக்க மாட்டேன் லிங்கம்மா. எவன் கையில இருந்தாவது பிடுங்கிருவேன். போட்டுருவேன்."

அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு ஒக்காருங்க."

"போட்டா நானே தொறந்துருவேன். அதுதான் இப்ப தொறக்க வருதே" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினான். விரல் இரண்டும் மடங்கி விரிந்தன. "வெளிய பூட்டு."

லிங்கம்மாள் குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பூட்டை எடுத்துவந்தாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். அடுத்த முக்கில் உருமி மறுபடி எழும்பியது. அவன் கால் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டது.

"சீக்கிரம்" என்றான்.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கி விழுந்தது. பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, இரண்டு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தாள். நன்றாகப் பூட்டியிருந்தது.